விடுமுறைப் பயணத்துக்கு ஒரு விசில்

குக்கர் விசிலைத் தவிர நமக்கும் விசிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சகோதரிகளே! மே மாதம் வந்தால் திண்டுக்கல் வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் கொடைக்கானல் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது. மீதிப் பேர் சிறுமலையின் பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு ஏறுகிறார்கள். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்திலிருந்தும் காலேஜிலிருந்தும் பிள்ளைகளைக் கூடாரம் போட்டுத் தங்கவும், மலை ஏறவும், படகு விடவும் கூட்டிப் போகிறார்கள். நாமும் புளியோதரை, தட்டை, ஸ்வெட்டர், தலைவலித் தைலம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுக்கிறோம். அதோடு நல்ல விசில் ஒன்றும் போகட்டும் என்பதுதான் இந்த இதழில் நான் சொல்ல வந்தது.

எங்க நாத்தனார் மகனுக்குப் பதினோரு வயசு. போன வருஷம் குடும்பமாகக் கொடைக்கானல் போனபோது, பைன் மரக்காட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். ஐந்தே நிமிஷத்தில் பனி மூடிவிட்டது. பக்கத்தில் நிற்கிறவர் முகம் தெரியவில்லை. பெரியவர்கள் நாலு பேர் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவனும் அந்தப் பக்கம் கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறான். ஒருத்தர் குரல் ஒருத்தருக்குக் கேட்கவில்லை! முக்கால் மணி நேரம் கழித்து, விறகு பொறுக்க வந்த ஒரு அம்மாள் அவன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அவர் வராமல் போயிருந்தால் என்று நினைக்கவே என் நாத்தனாருக்கு இன்றைக்கும் கை நடுங்குகிறது.

“கையில் செல்போன் இருக்கே!” என்பீர்கள். மலைக்குள் பாதி இடத்தில் டவர் கிடைக்காது. தண்ணீரில் விழுந்தால் போனும் சேர்ந்துதான் விழும். கத்தலாம் என்றால், பத்து நிமிஷத்தில் தொண்டை கட்டிவிடும். விசிலுக்கு மூச்சு இருந்தால் போதும். அதன் கீச்சுச் சத்தம் நம் காது நன்றாக உணருகிற ரகம். காற்றிரைச்சலிலும் அருவிச் சத்தத்திலும் குரலைப்போல் கரைந்து போகாது. மலை முகடு குறுக்கே வந்தால் அதுவும் மட்டுப்படும், அது வேறு விஷயம்.

விசில் இருந்தால் எல்லா ஆபத்தும் ஓடிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ‘ஜலகன்யகா’ என்ற இரட்டை அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2018 மார்ச் 11 அன்று போடிக்குப் பக்கத்தில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். அதில் நிறையப் பேர் இளம் பெண்கள். தீக்கு முன்னால் விசில் என்ன செய்யும்? அதனால் பிள்ளையை அனுப்புமுன் வனத்துறை அனுமதி வாங்கியிருக்கிறார்களா, படகில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் உண்டா, அதைப் போட்டு பக்கிளை மாட்டித்தான் ஏற்றுவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களே என்று கூச்சப்படாதீர்கள். விசில் அதற்கு அப்புறம்தான்.

சரி, எதை வாங்குவது? பி.டி. மாஸ்டர் கழுத்தில் தொங்குகிற விசிலைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒரு சின்ன உருண்டை ஓடும். ஊதும்போது அது சுழன்று காற்றை விட்டுவிட்டு மறிப்பதால்தான் அந்த ‘கிர்ர்ர்’ சத்தம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து ஜோசப் ஹட்சன் 1884 வாக்கில் இந்த மாதிரியைக் கொண்டுவந்தார். மைதானத்துக்கு ரொம்பப் பொருத்தம். ஆனால் எச்சிலோ, மணலோ, தண்ணீரோ உள்ளே போனால் உருண்டை ஒட்டிக்கொண்டு விசில் ஊமையாகிவிடும். கூடைப்பந்து நடுவரான ரான் ஃபாக்ஸ்க்ராஃப்ட் என்ற கனடாக்காரருக்கு ஆட்டத்தின் நடுவிலேயே இப்படி ஆயிற்றாம். அந்தக் கோபத்தில் உருண்டையே இல்லாத விசில் ஒன்றைச் செய்யவைத்து, 1987இல் ‘ஃபாக்ஸ் 40’ என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் மூன்று சின்ன அறைகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் வித்தியாசமான சுருதியில் ஒலிக்க, மூன்றும் மோதி அதே ‘கிர்ர்ர்’ வருகிறது. அசைகிற பாகம் எதுவும் இல்லை, சிக்குவதற்கும் ஒன்றும் இல்லை. அந்தப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை, உருண்டை இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும்.

கடைக்காரர் சொல்வதை நம்புவதை விட வீட்டில் ஒரு பரீட்சை வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் விசிலை முக்கி எடுத்து, ஒரே ஒரு உதறு உதறிவிட்டு ஊதுங்கள். உடனே சத்தம் வந்தால் பாஸ். பிள்ளையையே ஊதச் சொல்லுங்கள். சிலதுக்குப் பெரியவர்கள் மூச்சு வேண்டியிருக்கும். மொட்டை மாடியில் நின்று அவன் ஊத, தெருக்கோடியில் நின்று நீங்கள் கேளுங்கள். (பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!) யார் காதுக்குப் பக்கத்திலும் வைத்து ஊதக் கூடாது, கேட்கும் சக்தியே கெடும்.

பித்தளை, எவர்சில்வரில் பார்க்க அழகாய் இருக்கும். வெயிலில் சுடும், தண்ணீரில் மூழ்கும். கெட்டிப் பிளாஸ்டிக்தான் என் ஓட்டு. ஆரஞ்சு, மஞ்சள் மாதிரி கண்ணைப் பறிக்கிற நிறமானால் புல்லில் விழுந்தாலும் தெரியும். விசிலோடு திசை காட்டி, தெர்மாமீட்டர், தீக்குச்சி டப்பி எல்லாம் சேர்த்துச் செய்ததும் வருகிறது. நாலு வேலை செய்கிறேன் என்கிற ஆள் ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யமாட்டான், தெரியாதா?

பைக்குள் ஆழமாகப் போட்டுவிடாதீர்கள். பை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் போனால்? சட்டைப் பை ஓரத்திலோ, பையின் தோள்பட்டியிலோ ஊக்குப் போட்டுக் கட்டுங்கள். படகுக்கு லைஃப் ஜாக்கெட்டின் தோள் பக்கம், கையை எடுக்காமலே வாய்க்கு எட்டுகிற இடத்தில். கெட்டிக் கயிற்றில் கழுத்தில் மாட்டவே கூடாது. கிளையில் மாட்டினால் சுருக்காகிவிடும். இழுத்தால் கழன்று வருகிற கொக்கி உள்ள கயிறானால் சரி.

எப்படி ஊதுவது? நம்ம கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். மூன்று என்றால் உதவி என்று சொல்லிக் கொடுங்கள், பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள். அமெரிக்காவில் இந்த மூன்றுதான் வழக்கம். ஐரோப்பிய மலைகளில் நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஊதுவார்கள். எதுவானாலும் நிறுத்திக் காது கொடுப்பதுதான் முக்கியம், பதில் கேட்க வேண்டுமே! வழி தவறினால் நடந்து தேடாதே, ஒரு மரத்தடியிலேயே நின்று ஊது என்பதையும் சொல்லி அனுப்புங்கள். காட்டுமாட்டைப் பார்த்து விளையாட்டுக்கு ஊதுவது வேண்டாம், மிரண்டால் முட்டிவிடும். டவர் உள்ள இடமானால் 112க்குப் போன் செய்யலாம்.

கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாக் கடையில் விற்கிற பொடி ஊதலைச் சின்னஞ்சிறுசுகள் கையில் கொடுக்காதீர்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவது உண்டு. குழந்தை இருமினாலோ, மூச்சு விடும்போது விசில் சத்தம் கேட்டாலோ, விரலை விட்டுத் துழாவாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இருமல் அடங்கிவிட்டதே என்று சும்மா இருந்துவிடவும் கூடாது.

ஊர் திரும்பியதும் விசிலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, பயணப் பையிலேயே மாட்டி வையுங்கள். பள்ளிக்கூடப் பையில் விட்டுவைத்தால் மறுநாளே அது வகுப்பு வாத்தியார் மேஜைக்குப் போய்விடும்!