கையொப்பத்தின் விலையும் மதிப்பும்

நுழையும்முன்

புகழ்பெற்றவர் ஒருவரின் கையொப்பத்தைப் பெறக் காத்து நிற்கின்றோம். பெற்றதைப் பொன்போல் பேணுகின்றோம். சில கையொப்பங்கள் சந்தையில் விலைபோகின்றன. சில, பாறையில் நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கின்றன. ஆனால், உழைத்தவருள் பெரும்பாலோரின் பெயர் எங்குமே இல்லை. கையொப்பம் ஒன்றின் மதிப்பு எதில் இருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொகுப்போர் உலகம்

அஞ்சல்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் ஆகியவற்றைத் தொகுப்போரை நாம் அறிவோம். அவ்வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்போர் காணொளி விளையாட்டுப் பொருள்களைத் தொகுப்போர். பழைய விளையாட்டுப் பெட்டிகள், கையேடுகள், சுவரொட்டிகள் ஆகியவற்றில் அவற்றை உருவாக்கியவர்களின் கையொப்பத்தைப் பெற்றுச் சேர்ப்பது இவர்களது விருப்பம். திறன்பேசியில் விளையாடி வளர்ந்த தலைமுறைக்கு இவ்விருப்பம் வியப்பளிக்காது. கிரிக்கெட் மட்டையில் ஆட்டக்காரர் இட்ட கையொப்பத்தை நாம் போற்றுவதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

ஆயினும், இங்கே ஒரு வினா எழுகிறது. சில நொடிகளில் எழுதப்படும் ஒரு பெயருக்கு ஏன் இத்துணை மதிப்பு? எழுதுகோலின் மைக்கு விலை அதிகமில்லை, தாளுக்கும் அவ்வாறே. அப்படியாயின் நாம் விலை கொடுப்பது எதற்கு?

சந்தை அறிந்த மதிப்பு

சந்தை இவ்வினாவுக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அருமையே விலை என்பது அதன் கணக்கு. 2021ஆம் ஆண்டு சூலையில் அமெரிக்காவில் நடந்த ஏலம் ஒன்றில், 1996இல் வெளிவந்த 'சூப்பர் மாரியோ 64' என்னும் விளையாட்டின் படி ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்கப்பட்டது. அதனை அரும்பொருளாக்கியது யாருடைய கையொப்பமும் அன்று. பெட்டியின் உறை பிரிக்கப்படாமல் இருந்ததே அதன் சிறப்பு. விளையாடுவதற்காக உருவான ஒரு பொருள், எவரும் விளையாடாமல் விட்டதனாலேயே விலை உயர்ந்தது! அருமைக்கு மட்டும் விலை வைக்கும் சந்தையில் இத்தகைய முரண்கள் இயல்பானவையே.

கையொப்பம் சேர்ந்துவிட்டாலோ மற்றுமோர் இடர் வருகிறது. அது மெய்யானதா என்பதே அவ்விடர். 1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை, விளையாட்டு வீரர்களின் பெயரில் போலிக் கையொப்பமிட்டு விற்ற கூட்டங்களைப் பிடித்தது. கைப்பற்றப்பட்ட பொருள்களுள், அன்னை தெரசாவின் கையொப்பம் கொண்ட அடிபந்தாட்டப் பந்துகளும் இருந்தன. அன்னைக்கும் அவ்விளையாட்டுக்கும் என்ன தொடர்பு என்று வாங்குவோர் ஒரு கணம் நின்று கேட்டிருந்தால் பொய் வெளிப்பட்டிருக்கும். பெயரை மட்டும் பார்த்து, அப்பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பாராதவர் ஏமாறுகின்றனர்.

இங்கேதான் கையொப்பத்தின் இயல்பு தெளிவாகிறது. ஒப்பம் என்னும் சொல்லில் ஒப்புதல் அடங்கியிருக்கிறது. "இது நான் செய்தது; இதற்கு நான் பொறுப்பு" என்று ஒரு கை அளிக்கும் உறுதிமொழியே கையொப்பம். செய்த கைக்கும் செய்யப்பட்ட பொருளுக்கும் இடையே உள்ள உறவு மெய்யாக இருந்தால் கையொப்பத்துக்கு மதிப்பு உண்டு. உறவு இல்லையேல் அது வெறும் கிறுக்கலே.

மறைந்திருந்த ஒரு பெயர்

அவ்வுறவை நிலைநாட்ட ஒருவர் என்ன செய்தார் என்பதைக் காணொளி விளையாட்டின் வரலாறே சொல்கிறது. 1970களின் இறுதியில் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடத்தக்க விளையாட்டுகளை விற்று வந்தது. பெட்டியின்மேல் நிறுவனத்தின் பெயர் இருக்கும்; விளையாட்டை எழுதிய நிரலாளரின் பெயர் இராது. அக்காலத்தில் ஒரு விளையாட்டின் கருத்து, படம், ஒலி, நிரல் ஆகிய அனைத்தையும் பெரும்பாலும் ஒருவரே உருவாக்கினார் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். ஒரு நூலை எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டுப் பதிப்பகத்தின் பெயரை மட்டும் அச்சிடுவதற்கு இது நிகராகும்.

'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டை உருவாக்கிய வாரன் ராபினெட் இதனை ஏற்கவில்லை. விளையாட்டுக்குள் ஒரு மறைவறையை அமைத்தார். பின்னணியின் நிறத்திலேயே அமைந்த, கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிறு புள்ளியைக் கண்டெடுத்து, குறிப்பிட்ட சுவருக்கு அருகில் கொண்டு சென்றால் மட்டுமே அவ்வறைக்குள் நுழைய இயலும். உள்ளே, இதனை உருவாக்கியவர் வாரன் ராபினெட் என்னும் அறிவிப்பு ஒளிர்ந்தது. அவர் இதனை மேலாளர்களிடமோ நண்பர்களிடமோ கூறவில்லை. அவர் பணியிலிருந்து விலகிய பின்னரே, விளையாடிய சிறுவன் ஒருவன் அவ்வறையைக் கண்டுபிடித்து நிறுவனத்துக்கு மடல் எழுதினான். விற்றுப்போன படிகளில் இருந்து அப்பெயரை எவராலும் நீக்க இயலவில்லை.

இதே குறையின் காரணமாக அடாரியிலிருந்து விலகிய நிரலாளர் நால்வர் 1979இல் ஆக்டிவிசன் நிறுவனம் உருவாகக் காரணமாயினர். அங்கு விளையாட்டை உருவாக்கியவரின் பெயர் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. இன்று பெரிய விளையாட்டுகளின் இறுதியில் நூற்றுக்கணக்கான பெயர்கள் திரையில் நகர்கின்றன. நம்மில் பலர் அவற்றைப் பாராமலே கடந்துவிடுகின்றோம். ஒரு தலைமுறை போராடிப் பெற்ற உரிமை அது என்பதை அறிந்தால் அவ்வாறு கடக்க மனம் வருமா?

பாறையில் ஒரு கையொப்பம்

தொலைவிலுள்ள ஒரு நாட்டின் சிக்கல் இது என்று எண்ண வேண்டா. சென்னையிலிருந்து சாலை வழியாகத் தென்மாவட்டங்களுக்குச் செல்வோருள் பலர் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியைக் கடந்து செல்கின்றனர். அங்கிருந்து மேற்கே, விழுப்புரம் செஞ்சிச் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பாறையைக் குடைந்து முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டில் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்தான். முகப்பின் இருபுறமும் வாயிற்காவலர் சிற்பங்கள் நிற்கின்றன. உள்ளே பின்சுவரில் மும்மூர்த்திகளுக்காகக் குடையப்பட்ட மூன்று கருவறைகள் உள்ளன.

அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதம் மிக்கது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எதுவுமின்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்காக இக்கோயிலைச் செய்வித்தவன் விசித்திரசித்தன் என்று அது அறிவிக்கிறது. விசித்திரசித்தன் என்பது மகேந்திரனின் சிறப்புப்பெயர். பாறையின்மேல் ஒரு மன்னன் இட்ட கையொப்பமே இக்கல்வெட்டு. புதியதொன்றைக் கண்டவனின் மகிழ்ச்சி அதில் ஒலிக்கிறது. அம்மகிழ்ச்சிக்கு அவன் உரியவனே.

ஆனால், 'செய்வித்தவன்' வேறு, 'செய்தவன்' வேறு. பாறையில் முதல் உளியை வைத்த கை யாருடையது? தூணின் சதுரத்தைப் பிசகாமல் செதுக்கியவர் யார்? காவலர் சிற்பத்தின் முகத்துக்கு உயிர் கொடுத்தவர் யார்? பாறையில் ஒருமுறை பிழை நேர்ந்தால் திருத்த வழியில்லை. அத்தகைய வேலையை முடித்தவரின் பெயர் அக்கல்வெட்டில் இல்லை. அடாரியின் பெட்டியில் நிகழ்ந்ததுவே மண்டகப்பட்டின் பாறையிலும் நிகழ்ந்திருக்கிறது.

பெயர் வேண்டாமையும் பெயர் மறுக்கப்படுதலும்

"நம் முன்னோர் பெயருக்காகப் பணி செய்யவில்லை; பணியே அவர்தம் பெயர்" என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் அழகு இருக்கிறது. தன்னை மறைத்துக்கொண்டு தொண்டாற்றும் பண்பு உயர்ந்ததே. ஆயினும், பெயரை வேண்டாம் என்று சொல்லும் உரிமை, பெயரைப் பொறிக்க வாய்ப்புப் பெற்றவருக்கே உண்டு. கேட்கப்படாதவரின் மௌனத்தை அடக்கம் என்று நாமே முடிவு செய்தல் முறையன்று.

பெயரைப் பொறிப்பது அக்காலத்தில் இயலாத செயலும் அன்று. தஞ்சைப் பெரியகோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மன்னன் அளித்தவற்றோடு அவன் தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்தவையும் அங்கே பதிவு பெற்றன. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில்கூட ஆதன், குவிரன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. ஏலத்தில் அந்த ஓடு என்ன விலை போகும் என்று நாம் கேட்பதில்லை. ஒரு மனிதர் தம் பெயரை நமக்கு விட்டுச் சென்றார் என்பதே நம்மை நெகிழச் செய்கிறது.

கையொப்பம் ஈட்டிய நன்மை

புகழ் பெற்றவர் தம் கையொப்பத்தை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதற்குக் காந்தியடிகள் வழிகாட்டினார். கையொப்பம் வேண்டி வந்தோரிடம் ஐந்து ரூபாய் பெற்று, அதனை அரிசன நிதியில் சேர்த்தார். தென்னாப்பிரிக்காவில் தமிழ் கற்கத் தொடங்கிய அவர், தமிழிலும் கையொப்பமிட்டிருக்கிறார். அங்கே பெறப்பட்ட தொகை எழுத்தின் விலையன்று; தீண்டாமைக்கு எதிராகத் தாம் மேற்கொண்ட பணியில் கையொப்பம் கேட்டவரையும் அவர் பங்குபெறச் செய்தார். வாங்கியவரின் ஏட்டில் ஒரு பெயர் சேர்ந்தது. அவர் கை ஒரு நற்செயலைச் செய்தது.

முடிவாக

தொகுக்கும் விருப்பம் தீதன்று. அது பழையவற்றைக் காக்கிறது. வரலாற்றின்பால் ஆர்வத்தைத் தூண்டுகிறது. ஆனால், தொகுப்போர் 'என்ன விலை?' என்று கேட்கும் முன், 'யாருடைய கை?' என்று கேட்கப் பழக வேண்டும். ஒரு விளையாட்டை ஆடி முடித்தபின் இறுதியில் வரும் பெயர்களைச் சற்று நின்று படிக்கலாம். மண்டகப்பட்டுக்குச் சென்றால், மன்னனின் கல்வெட்டைப் பார்த்தபின், கல்வெட்டு இல்லாத சுவரையும் தொட்டுப் பார்க்கலாம். அங்கு உளிபட்ட ஒவ்வொரு தடமும், எழுதத் தரப்படாத ஒரு கையொப்பம்.

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களாகிய நீங்கள் தேர்வு நுழைவுச்சீட்டிலும் வங்கிப் படிவத்திலும் உங்கள் பெயரை எழுதத் தொடங்கும் பருவத்தில் இருக்கிறீர்கள். அக்கையொப்பத்தை இன்று எவரும் விலை கேட்க மாட்டார்கள். ஆயினும், நீங்கள் செய்ததற்கு மட்டும் அதனை இடுங்கள். உங்களோடு உழைத்தவரின் பெயருக்கும் அதன் அருகில் இடம் விடுங்கள். அப்போது உங்கள் கையொப்பம் மதிப்புடையதாகும்.