வெளிச்சம் கூடினால் போதுமா?

பொம்மையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு போட்டோ எடு, மறுபடி நகர்த்து, மறுபடி எடு என்று செல்போனிலேயே செய்கிற ஸ்டாப் மோஷன் வேலை இப்போது நம் ஹாஸ்டல் அறைகளில் ஜோராக நடக்கிறது. இதற்காகச் சங்க நிதியில் பெரிய ஸ்டூடியோ லைட் இரண்டு வாங்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கிறது. வேண்டாம் என்பது என் கட்சி. காசு கிடக்கட்டும், அவர்கள் சொல்லும் காரணமே சரியில்லை.

சினிமாவில் அத்தனை வெளிச்சம் எதற்கு? நடிகர் அசைகிறார். ஷட்டர் சட்டென்று மூடாவிட்டால் படம் கலங்கிப் போகும். நம்ம ஹீரோவோ வீராணம் ஏரி வண்டலில் பிசைந்த பொம்மை. கால் செகண்டு ஷட்டரைத் திறந்து வைத்தாலும் அசையாமல் நிற்பார்! போன் ஸ்டாண்டில் இருந்தால் 9 வாட் எல்.இ.டி. பல்பே தாராளம். நமக்கு வேண்டியது நிறைய வெளிச்சம் அல்ல, மாறாத வெளிச்சம்.

செகண்டுக்கு 12 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 720 போட்டோ. ஒன்றுக்கு அரை நிமிடம் வைத்தாலும் ஆறு மணி நேரம். ஜன்னலோரம் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் முடிக்கும்போது மணி மூன்று. மேற்கே விழுந்த நிழல் கிழக்கே போயிருக்கும். ஐப்பசி மேகம் வேறு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இத்தனையும் திரையில் ஒரே நிமிடத்தில் ஓடினால் பார்க்கிறவன் பொம்மையையா பார்ப்பான்? ஜன்னலைப் போர்வையால் மூடிவிடுங்கள்.

சரி, எந்த பல்பு? குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். வோல்டேஜ் 5 சதவீதம் இறங்கினால் அதன் வெளிச்சம் ஏறக்குறைய 16 சதவீதம் இறங்கும். நம்மூரில் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சூடு வேறு. பக்கத்தில் வைத்தால் களிமண் காய்ந்து வெடிக்கும், பிளாஸ்டிசின் இளகும். 1910 வாக்கில் லிதுவேனியாவில் ஸ்டாரெவிச் என்பவர் உயிருள்ள வண்டுகளின் சண்டையைப் படம்பிடிக்கப் போனார். விளக்கைப் போட்டதும் வண்டுகள் முடங்கிவிட்டன. அப்புறம் செத்த வண்டுகளுக்குக் கம்பிக்கால் கட்டி நகர்த்தித்தான் படத்தை எடுத்தார்!

எல்.இ.டி.யிலும் மட்டமான சரக்கு உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அது செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. போனில் ஷட்டரை 1/1000 வைத்துப் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடும். அந்த பல்பை விட்டால் வேறு வழியில்லை என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/25 என்று வையுங்கள். மினுக்கல் முழுச் சுற்றாக உள்ளே வந்துவிடும், எல்லாப் படமும் ஒரே அளவில் இருக்கும். பைக் பேட்டரியில் எல்.இ.டி. பட்டையை மாட்டினால் மினுக்கல் கிடையாது. ஆனால் நேரமாக ஆக பேட்டரி இறங்கும், வெளிச்சமும் கூடவே இறங்கும். நல்ல 12 வோல்ட் அடாப்டர் அதைவிட மேல்.

பல்பைப் பக்கவாட்டில் சற்று உயரத்தில் வைத்து, முன்னால் நம் டிராயிங் வகுப்பு டிரேசிங் பேப்பரைத் தொங்கவிடுங்கள். எதிர்ப்புறம் ஒரு தெர்மோகோல் அட்டை. போனில் எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் ஆட்டோவிலிருந்து எடுத்துப் பூட்டியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் போன் தன் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அருகில் நின்றால் அதுவும் ஒரு விளக்குதான். கறுப்புச் சட்டைக்காரர் எடுக்கட்டும்.

1912-ல் பால்கே தொட்டியில் ஒரு பட்டாணி வளர்வதை நாளுக்கு நாள் படமெடுத்து ஒட்டினார். அதைக் காட்டித்தான் 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்குப் பணம் புரட்டினார். ஒரு மாதத்துக்கு மேல் அந்தத் தொட்டியை யாரும் நகர்த்தவில்லை, அதுதான் பெரிய விஷயம். நம் ஹாஸ்டலில் ஒரு மேசை ஒரு மணி நேரம் இருந்த இடத்தில் இருக்குமா?

ஆகவே சங்கத்தாரே, லைட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் ஜன்னலில்லாத அந்தப் பழைய சாமான் அறையைக் காலி செய்து, ஒரு கனமான மேசை, இரண்டு போன் ஸ்டாண்டு, ஒரு அடாப்டர் வாங்கிப் போடுங்கள். கதவுக்குப் பூட்டும் வேண்டும். சாவி யாரிடம் என்பதைப் பொதுக்குழுவில் பேசிக்கொள்வோம்.