ஸ்ட்ர்காப்பியும் பக்கத்து வீடும்

சி மொழியில் "ஸ்ட்ர்காப்பி எழுதிக் காட்டு" என்றால் பெரும்பாலான மாணவர்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு பாயிண்டர், ஒரு வைல் லூப், தீர்ந்தது கதை. கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய புத்தகத்திலேயே இருக்கும் வித்தைதான். அழகான வரி, சந்தேகமில்லை. ஆனால் நகல் போய்ச் சேரும் இடத்தில் இடம் இருக்கிறதா என்று அந்த வரி கேட்பதே இல்லை.

சி-யில் ஸ்ட்ரிங் என்று தனி டைப் கிடையாது. வரிசையாகச் சில பைட்டுகள், கடைசியில் ஒரு பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியம் வரும்வரை நகல் ஓடிக்கொண்டே இருக்கும். 10 பைட் அரேயில் "சென்னை"யை யூடிஎஃப்-8-ல் போட்டுப் பாருங்கள். பார்வைக்கு மூன்று எழுத்து. உள்ளே 6 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், முடிவுப் பூஜ்ஜியத்தோடு 19! மீதி 9 பைட்டும் பக்கத்து வீட்டில் போய் உட்காரும். அங்கே இருப்பது வேறொரு வேரியபிளாக இருக்கலாம், ஃபங்ஷன் திரும்பிப் போகவேண்டிய முகவரியாகவும் இருக்கலாம். 1988 நவம்பரில் மோரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று இப்படி வழிந்த பஃபர்தான். அங்கே குற்றவாளி ஸ்ட்ர்காப்பியின் பங்காளியான கெட்ஸ். அதை 2011-ல் சி தரத்திலிருந்தே தூக்கிவிட்டார்கள். ஸ்ட்ர்காப்பி இன்னும் இருக்கிறது.

"அதற்குத்தான் ஸ்ட்ர்என்காப்பி இருக்கிறதே" என்பார்கள். இதுதான் பெரிய வம்பு. அது பாதுகாப்புக்காகப் பிறந்ததே அல்ல. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் கட்டம் ஒதுக்கியிருந்தார்கள். அப்படிப்பட்ட கட்டங்களை நிரப்ப வந்தது அது. பெயர் சிறியதென்றால் மிச்சத்தைப் பூஜ்ஜியங்களால் நிரப்பும். கட்டம் முழுதும் நிறைந்துவிட்டால் முடிவுப் பூஜ்ஜியமே வைக்காது. பிறகு அதை பிரிண்ட்எஃப் செய்தால் எங்கே போய் நிற்கும் என்பது கடவுளுக்கே வெளிச்சம் :)

ஓப்பன்பிஎஸ்டிகாரர்கள் 1998-ல் ஸ்ட்ர்எல்காப்பியைக் கொண்டுவந்தார்கள். அளவைச் சரியாகச் சொன்னால் முடிவுப் பூஜ்ஜியம் நிச்சயம்; மூலத்தின் நீளத்தையும் திருப்பித் தரும். குனு சி லைப்ரரி அதைச் சேர்த்துக்கொள்ள 2023 ஆனது. சத்தமில்லாமல் வெட்டுவது பிழையை மறைத்துவிடும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதையும் ஒதுக்கிவிட முடியாது. அதே 10 பைட்டில் "சென்னை" வெறும் "சென" ஆகிவிடும். 12 பைட் என்றால் இன்னும் மோசம், ஒரு எழுத்தின் நடுவிலேயே வெட்டு விழும். திருப்பித் தரும் நீளத்தைப் பார்க்காதவனுக்கு எந்த ஃபங்ஷனும் உதவாது.

லேப் தேர்வில் இந்த நிரலைக் கேட்பவர்கள், அரேயின் அளவை மூன்றாவது ஆர்குமெண்டாக வாங்காத விடைக்கு முழு மார்க் போடக்கூடாது. இடம் போதாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து எழுதியவருக்கு இரண்டு மார்க் கூடவே போடலாம்.