வீட்டிலேயே செய்யலாம்: கிடாருக்குப் புது பிக்கப்

“காலேஜில் படிக்கும் என் கொழுந்தனார் எலெக்ட்ரிக் கிடார் வைத்திருக்கிறார். அதில் பிக்கப்பை மாற்றப் போகிறாராம். முதல் தடவையாகத் தானே சால்டர் செய்யப் போவதாகச் சொல்லிச் சாப்பாட்டு மேஜையைக் கேட்கிறார். வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. ஷாக் அடிக்குமா? புகை ஆகாதா? வேண்டாமென்றால் மனஸ்தாபம் வரும். என்ன செய்யட்டும்?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள், சகோதரி. நல்ல கைவேலை, கற்றுக்கொள்ளட்டும். ஆனால் சாப்பாட்டு மேஜையை மட்டும் கொடுக்காதீர்கள்!

பிக்கப் என்பது வேறொன்றுமில்லை. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புத் தந்தி அதிரும்போது அந்தக் கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப்ளிஃபயர் பெருக்கிச் சத்தமாக்குகிறது. பிக்கப்பை மாற்றினால் கிடாரின் குரலே மாறிவிடும்.

கிடாரிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றிவிட்டால் ஷாக் பயமே இல்லை. ஆம்ப்ளிஃபயரைத் திறப்பதுதான் ஆபத்து. ஸ்விட்சை அணைத்த பிறகும் அதனுள் மின்சாரம் தங்கி நிற்கும்.

கவனிக்க வேண்டியது ஈயம்

வெறும் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும்? உருகி ஓடிவிடும். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். கடையில் விற்கும் சாதாரண சால்டர் கம்பியில் 60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம். காரீயம் கலப்பதால் 190 டிகிரிக்குள்ளேயே உருகி, சுலபமாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தக் காரீயம்தான் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடம்பு 4, 5 மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம்.

புகையில்தான் காரீயம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்தச் சூட்டுக்குக் காரீயம் ஆவியாகாது. புகைவது சால்டர் கம்பிக்கு நடுவில் இருக்கும் பைன் மரப் பிசின். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் நவச்சாரம் தூவுவாரே, அதே வேலையை இந்தப் பிசின் செய்கிறது. ஆஸ்துமா, வீஸிங் உள்ளவர்களுக்கு இந்தப் புகை ஒத்துக்கொள்ளாது.

காரீயம் வருவது கை வழியாக. விரலில் ஒட்டும், மேஜையில் மணி மணியாகச் சிந்தும், துணுக்குகள் தரையில் விழும். தவழும் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் எங்கே கொண்டுபோகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா?

அதனால், கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறையில், திறந்த ஜன்னலோரமாக ஒரு பழைய மேஜையைப் போட்டுக் கொடுங்கள். மேலே செய்தித்தாள் விரித்துவிடுங்கள். காரீயம் இல்லாத சால்டரும் கிடைக்கிறது. விலை சற்றுக் கூடுதல், சூடும் கூடுதலாக வேண்டும். அதை வாங்கினால் இன்னும் நல்லது. ஆனாலும் கிடாரில் ஏற்கெனவே இருக்கும் பற்றில் காரீயம் இருக்கலாம். கவனம் குறையக் கூடாது.

தேவையானவை

40 வாட் சால்டரிங் அயர்ன், அதை வைக்க ஸ்டாண்டு, சால்டர் கம்பி, ஈரமான பஞ்சு, ஸ்க்ரூ டிரைவர், வயர் கட்டர், மல்டிமீட்டர், கண்ணுக்குக் கண்ணாடி. சென்னையில் ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும்.

செய்முறை

மூன்று பிக்கப், ஐந்து நிலை ஸ்விட்ச் உள்ள கிடாரைத்தான் புதிதாகக் கற்பவர்கள் பலரும் வைத்திருக்கிறார்கள். அதற்கான முறை இது.

1. தந்திகளைத் தளர்த்திக் கழற்றவும். முன்பலகையின் ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்கவும்.

2. பலகையை மெல்லத் திருப்பி, எந்த வயர் எங்கே போகிறது என்று செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளவும். பாதிப் பிழைகள் இதனாலேயே குறையும்.

3. புது பிக்கப்பின் இரண்டு வயர்களையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கவும். இந்த வகைக்குப் பெரும்பாலும் 5 முதல் 8 கிலோ ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போதே கடையில் மாற்றிக்கொள்ளலாம்.

4. பழைய வயர்களைச் சூடுகாட்டி எடுக்கவும். ஒவ்வொரு பிக்கப்பிலும் ஒரு வயர் ஸ்விட்சுக்கும், மற்றது வால்யூம் குமிழின் முதுகுக்கும் போகும். புதியதையும் அப்படியே வைக்கவும்.

5. வயர் நுனியில் முதலில் கொஞ்சம் ஈயம் பூசிக்கொள்ளவும். அயர்னை இணைப்பில் வைத்து, இணைப்பு சூடானதும் சால்டரை இணைப்பில் காட்டவும், அயர்னில் அல்ல. ஸ்விட்சுக்கு 2, 3 விநாடி போதும். குமிழின் முதுகு கனமானது. இன்னும் சற்று நேரமாகும். ஆறும்வரை வயரை அசைக்காதீர்கள். அசைத்தால் பற்று நிற்காது.

6. மூடுவதற்கு முன் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தட்டவும். ‘டொக்’ என்று கேட்டால் ஜெயம். தந்தி மாட்டியபின் இரண்டு பிக்கப் சேரும்போது மட்டும் குரல் மெலிந்து ஒலித்தால், ஒன்று எதிர்த்திசையில் இணைந்திருக்கிறது. அந்த ஒன்றின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றினால் சரியாகும்.

முடிந்த பிறகு

செய்தித்தாளை அப்படியே சுருட்டி எறியுங்கள். தரையைப் பெருக்க வேண்டாம், தூசி கிளம்பும், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வேலை செய்தவர் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும். இடையில் காபி, பலகாரம் எதுவும் அந்த மேஜைக்குப் போகக் கூடாது. அயர்ன் அணைத்த பிறகும் வெகுநேரம் சுடும். அதன் வயர் குழந்தை இழுக்கும்படி தொங்கக் கூடாது.

கை சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, மை, ஐஸ் எதுவும் வேண்டாம். குழந்தை ஒரு துணுக்கை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், பார்க்கலாம் என்று காத்திருக்காமல் டாக்டரிடம் போய், விழுங்கியது சால்டர் என்றே சொல்லுங்கள். ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்க்கப் பரிசோதனை இருக்கிறது.