சேர்வரை நிறுத்தாமலே லொக்கை மாற்றலாம்



சென்ற தவணை பிள்ளைகள் கணினியில் பயிற்சிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது எங்கள் சேர்வரின் வட்டு நிரம்பிவிட்டது. பார்த்தால், ஒரேயொரு லொக் கோப்புதான் இடத்தையெல்லாம் விழுங்கியிருந்தது. உதவிக்கு வந்த தம்பி அதை அழித்தார். இடம் வரவில்லை. பதற்றத்தில் சேர்வரையே நிறுத்தித் திரும்ப இயக்கினோம். இடம் வந்தது, ஆனால் பிள்ளைகள் பாதி எழுதிய விடைகள் போய்விட்டன. ஏன் நிரம்பியது என்று பார்க்க லொக்கும் இல்லை.

பிழை தம்பியுடையது அல்ல. லொக்கைக் கவனிக்காமல் விட்ட எங்களுடையது.

வரவு இடாப்பை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் எழுதிக்கொண்டிருக்கும்போது அதன் அட்டையில் 'பழையது' என்று ஒட்டினாலும், அவர் கை அதே இடாப்பில்தான் ஓடும். லினக்ஸிலும் அப்படித்தான். ஒரு செய்நிரல் கோப்பைத் திறந்த பிறகு பெயரைப் பார்ப்பதில்லை. பெயரை மாற்றினாலும் அதே கோப்புக்கே எழுதும். அழித்தாலும், அது கையை விடும்வரை இடம் விடுபடாது. "சேர், புது இடாப்பை எடுங்கள்" என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

அந்த வேலையைச் செய்யத்தான் லொக்ரொட்டேட் இருக்கிறது. குறித்த நேரத்தில் பழைய கோப்பின் பெயரை மாற்றும், புதியதை உருவாக்கும், செய்நிரலுக்குச் சமிக்ஞை அனுப்பும்படியும் அதில் எழுதி வைக்கலாம். என்ஜின்எக்ஸுக்கு யுஎஸ்ஆர்1 என்ற சமிக்ஞை போதும். யாருடைய இணைப்பும் அறுபடாமல் புதிய கோப்புக்கு மாறிவிடும். அன்று நாங்கள் அதை மட்டும் அனுப்பியிருந்தால் விடைகள் தப்பியிருக்கும்.

சமிக்ஞை விளங்காத செய்நிரல்களுக்கு கொப்பிட்ரன்கேட் என்ற வழி உண்டு. இடாப்பைப் போட்டோக் கொப்பி எடுத்துவிட்டு அசலைத் துடைப்பது போன்றது அது. கொப்பி எடுப்பதற்கும் துடைப்பதற்கும் இடையில் எழுதிய வரிகள் தொலையலாம். சாதாரண குறிப்புகளுக்குப் பரவாயில்லை. பரீட்சைக்கும் கணக்குவழக்குக்கும் அதை நம்பக்கூடாது என்பதே எங்கள் கருத்து.

"இவ்வளவு தொல்லை எதற்கு, லொக்கையே நிறுத்திவிடுவோமே" என்று சிலர் சொல்கிறார்கள். நாங்கள் உடன்படவில்லை. "சேர், நான் அனுப்பினேன்" என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போது அதற்கு இருக்கும் ஒரே சாட்சி லொக்தான். அது நம் கையில் உள்ள அமானிதம்.

ஊரில் பாடசாலை, பள்ளிவாசல், சங்கம் என்று சேர்வர் பார்க்கும் தம்பி தங்கைகளே, இந்த வாரம் மூன்றைப் பாருங்கள். லொக் சுழற்சி அமைத்திருக்கிறதா? மாற்றியதும் சமிக்ஞை போகிறதா? எத்தனை நாள் லொக் பாதுகாக்கப்படுகிறது? லொக்ரொட்டேட்டை டீ என்ற தெரிவோடு ஓட்டினால், எதையும் மாற்றாமல் என்ன செய்யப்போகிறது என்று மட்டும் காட்டும். வட்டு நிரம்பும்வரை காத்திருக்க வேண்டாம்.