வியாதிக்கு வெட்கம் ஏன்?

நமது நாட்டில் ஒரு வாலிபனுக்குக் காய்ச்சல் கண்டால் தெருவே வந்து விசாரிக்கும். அதே வாலிபனுக்கு நீரிழிவு என்று டாக்டர் சொல்லிவிட்டாலோ, வீட்டார் முதலில் செய்கிற காரியம் கதவைச் சாத்திக்கொண்டு, "வெளியில் மூச்சுவிடாதே" என்பதேயாகும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இருபது, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வியாதியால் நொந்துபோவதைவிட இந்த வார்த்தையால்தான் அதிகம் நொந்துபோகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

இது ஏதோ அபூர்வமான வியாதியா என்றால் அதுவுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணக்கின்படி, புதுச்சேரியில் இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 100-க்கு 26 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. அந்தக் கணக்கில் கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான். நாலு பேரில் ஒருவருக்கு இருப்பதை நாலு பேருக்குத் தெரியாமல் மறைப்பதைவிட வேடிக்கை வேறு உண்டா?

இந்த வியாதிதான் என்ன? கணையம் என்னும் உறுப்பில் சுரக்கும் இன்சுலின்தான் இரத்தத்திலுள்ள சர்க்கரையை உடம்புக்குப் பயன்படச் செய்கிறது. சில வாலிபர்களுக்கு உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே தவறுதலாக அந்த இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை அழித்துவிடுகிறது. வேறு சிலருக்குப் பரம்பரை வாகும் ஆகாரமும் உழைப்புக் குறைவும் சேர்ந்து, சுரக்கிற இன்சுலின் சரியாய் வேலை செய்வதில்லை. இதில் பூர்வஜன்ம பாவம் எங்கே வந்தது? பாட்டி 'வினைப்பயன்' என்பாள். சித்தப்பா 'தின்று தின்று வரவழைத்துக்கொண்டான்' என்பார். ஒருவர் விதியின் பேரால் வைகிறார், மற்றவர் புத்திமதியின் பேரால் வைகிறார், அவ்வளவுதான்.

பெண்ணாயிருந்துவிட்டாலோ கேட்கவேண்டியதேயில்லை. ஆணுக்கு வந்தால் வியாதி, பெண்ணுக்கு வந்தால் குற்றம்! நிச்சயித்த கல்யாணம் நின்றுவிடுமென்று பயந்து மறைத்து, பிறகு மாமியார் வீட்டில் ஊசியை ஒளித்து வைத்துக்கொண்டு வேளை தவறிப்போகிற கொடுமையை என்னவென்று சொல்வது?

நிற்க, செய்தி கேட்டவனுக்குத் துக்கமும் கோபமும் வருவது இயற்கை. "தைரியமாயிரு" என்று உபதேசிப்பது நமது வேலையல்ல. அழட்டும். ஆயுசுக்கும் மருந்து, ஒவ்வொரு பிடி சோற்றுக்கும் கணக்கு என்றால் யாருக்குத்தான் அலுக்காது? ஆனால் இந்தத் துக்கத்தை எதிர்பார்த்துக் கடை விரித்திருப்பவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப்பற்றித்தான் நமது கவலை. நீடாமங்கலத்துக்கு அருகே கோயில்வெண்ணியில் ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புக்குத் தூவினால் நீரிழிவு தீருமாம்! எறும்பு தின்ற சர்க்கரை எறும்பின் வயிற்றில் சேருமேயல்லாமல், மனிதன் இரத்தத்தில் எப்படிக் குறையும்?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இன்சுலின் போட ஆரம்பித்த சிலருக்கு மிச்சமிருக்கும் உயிரணுக்கள் சற்றுத் தெளிந்து, சில மாதங்களுக்கு மருந்தின் அளவு தானே குறைவதுண்டு. அந்தச் சமயத்தில் கோயிலுக்குப் போனவன் 'சாமி தீர்த்தது' என்கிறான். லேகியம் தின்றவன் 'லேகியம் தீர்த்தது' என்கிறான். இருவரும் ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வாந்தியும் மூச்சிரைப்புமாய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியதாகிறது.

1922 ஜனவரியில் டொரோண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்னும் 14 வயதுப் பையனுக்கு முதன்முதல் இன்சுலின் செலுத்தினார்கள். அதுவரை இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பட்டினி போட்டுச் சாவை ஒத்திவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. கண்டுபிடித்தவர்களோ அதன் உரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எந்தச் சாமி இவ்வளவு மலிவாய் உயிர் கொடுத்தது? பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல் இவ்வியாதி கண்டது. ஊசி போட்டுக்கொண்டே ஆடி, 2003-ல் ஒருநாள் ஆட்டங்களில் 500-வது விக்கெட்டை எடுத்தார்.

ஆகவே வாலிபத் தோழர்களே, வீட்டிலும் வேலை செய்யுமிடத்திலும் கூசாமல் சொல்லிவையுங்கள். மருந்தினால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து, வியர்த்து நடுங்கி நாக்குழறும்போது, விஷயம் தெரியாதவன் 'குடித்திருக்கிறான்' என்று போய்விடுவான். சாராயக்கடைகள் நிறைந்த நமது ஊரில் அப்படி நினைப்பதற்குக் கேட்கவேண்டுமா? தெரிந்தவனோ, நினைவிருக்கும்போதே மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுப்பான். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். இரண்டு வாரமாகியும் தூக்கமில்லை, எதிலும் மனம் செல்லவில்லை, வாழ்வே வேண்டாமென்று தோன்றுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் வைத்தியமுண்டு. சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். எறும்புக்கு அல்ல, உங்களுக்கு.