பெயர் ஐரோப்பா! பிறப்பு அமெரிக்கா!

அமெரிக்காவில் ஒரு பீர்க் கடைக்குள் நுழைந்தால் ஊர்ப் பெயர்களாகவே கண்ணில் படும்.

"பில்ஸ்னர்" என்று ஒரு புட்டி. அது செக் நாட்டின் பில்சன் நகரத்துப் பெயர். "கோல்ஷ்" என்று இன்னொரு புட்டி. அது ஜெர்மனியின் கொலோன் நகரத்துப் பெயர். "பெல்ஜிய வெள்ளை" என்று மூன்றாவது புட்டி. ஆனால் மூன்றும் பிறந்தது அமெரிக்க மண்ணில்!

இவை அசலா? போலியா?

போலி என்பார் ஒரு சாரார். ஐரோப்பிய மண்ணும் தண்ணீரும் இல்லாமல் அந்தச் சுவை வராது என்பது அவர்கள் கட்சி. சுவை வந்துவிட்டால் பெயரை வைத்துக்கொள்வதில் என்ன தவறு என்பது மறுசாராரின் கட்சி.

இரண்டு கட்சியிலும் பாதி நியாயம்தான் இருக்கிறது. காய்ச்சும் முறை எவருக்கும் தனிச் சொத்து அல்ல. கற்றவர் செய்யலாம். ஆனால் ஊரின் பெயர் ஊருக்குத்தான் சொந்தம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வழக்கு எளிதில் தீரும்.

நான்கே பொருள்கள்

பீரில் என்ன இருக்கிறது? தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட். பெரும்பாலான பீர்களுக்கு இந்த நான்கும் போதும்.

பார்லி இனிப்பைத் தருகிறது. ஹாப்ஸ் கசப்பையும் மணத்தையும் தருகிறது. ஈஸ்ட் அந்த இனிப்பைத் தின்று ஆல்கஹாலையும் நுரையையும் உண்டாக்குகிறது.

நான்கு பொருளில் இத்தனை வகை எப்படி வந்தது? கைப்பக்குவம்தான் காரணம். பார்லியைக் காப்பிக் கொட்டை போலக் கருக வறுத்தால் கறுப்பு பீர். இளஞ்சூட்டில் காயவைத்தால் பொன்னிற பீர். சில நாள் வெதுவெதுப்பில் புளிக்கவிட்டால் "ஏல்". குளிரில் புளிக்கவிட்டுப் பல வாரம் குளிரிலேயே வைத்திருந்தால் "லாகர்". ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குச் சேமித்து வைப்பது என்று பொருள்.

தண்ணீருக்கும் பங்கு உண்டு. பில்சன் நகரத்துத் தண்ணீர் மிகவும் மென்மையானது. 1842-ல் அங்கே ஜோசப் குரோல் என்பவர் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். பில்ஸ்னர் வகை அன்று பிறந்தது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துத் தண்ணீரோ உப்புச் சத்து மிகுந்தது. அங்கே கசப்பு தூக்கலான ஏல் புகழ் பெற்றது.

ஆனால் இன்று தண்ணீரில் உள்ள உப்புகளை அளந்து கூட்டவும் குறைக்கவும் முடியும். ஈஸ்ட் கடல் கடந்து போகும். பார்லியும் கப்பலேறும். ஆகவே மண்ணை மட்டும் காரணம் காட்டிப் பிற நாட்டாரின் பீரைப் போலி என்பது பொருந்தாது.

நாலாயிரம் நூறுக்குள் அடங்கியது

அமெரிக்காவுக்கு லாகரைக் கொண்டு போனவர்கள் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். 1840-களில் இது தொடங்கியது. 1870-களில் அந்த நாட்டில் 4,000-க்கு மேற்பட்ட பீர் ஆலைகள் இருந்தன.

1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1933-ல் அது நீக்கப்பட்டது. இடையில் எத்தனையோ ஆலைகள் அழிந்தன. பிழைத்தவற்றைப் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுங்கின. 1970-களின் இறுதியில் எஞ்சியவை 100-க்கும் குறைவு! அவையும் பெரும்பாலும் ஒரே மாதிரி பீர்தான் செய்தன. லேசான நிறம், லேசான சுவை, அவ்வளவுதான்.

மாறுதலைக் கொண்டு வந்தவர்கள் சிறு முதலாளிகள். 1965-ல் ஃபிரிட்ஸ் மேடேக் என்ற இளைஞர் சான் ஃபிரான்சிஸ்கோவில் மூடப்படும் நிலையில் இருந்த "ஆங்கர்" ஆலையை வாங்கினார். 1970-களில் லண்டன் நகரத்துப் பழைய வகையான "போர்ட்டர்" என்னும் கறுப்பு பீரைக் காய்ச்சினார். 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதனால் வீட்டில் சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சுவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம் அல்ல என்று ஆயிற்று. வீட்டில் பழகியவர்கள் பிறகு ஆலை தொடங்கினார்கள்.

அவர்கள் யாரைப் பார்த்துக் கற்றார்கள்? ஐரோப்பாவைப் பார்த்துத்தான். சொந்த நாட்டில் அறுந்துபோன கைத்தொழிலை அயலாரிடம் கற்றுக்கொண்டார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பால்காரர் செய்த வேலை

போலி என்று ஏளனம் செய்பவர்கள் பியேர் செலிஸ் கதையைக் கேட்க வேண்டும்.

பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே கோதுமை சேர்த்து வெள்ளை நிற பீர் காய்ச்சுவது பழைய வழக்கம். அதில் ஆரஞ்சுத் தோல் போடுவார்கள். கொத்தமல்லி விதையும் போடுவார்கள். ஆம், நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் அதே கொத்தமல்லிதான்!

1950-களில் அந்த ஊரில் வெள்ளை பீர் காய்ச்சிய கடைசி ஆலையும் மூடப்பட்டது. அந்த வகையே செத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊரில் பால் விற்றுவந்தவர் செலிஸ். சிறுவயதில் அந்த ஆலையில் கூடமாட வேலை செய்து பழகியவர். 1960-களின் நடுவில் அவரே அந்த பீரை மறுபடி காய்ச்சினார். ஊருக்கு அதன் பீர் திரும்பக் கிடைத்தது.

1985-ல் அவர் ஆலையில் தீப்பிடித்தது. திரும்பக் கட்டப் பணம் வேண்டியிருந்தது. பெரிய கம்பெனி ஒன்று பணம் போட்டது. பிறகு ஆலையே அதன் கைக்குப் போயிற்று.

செலிஸ் கலங்கவில்லை. கப்பலுக்கு அந்தப் பக்கம் போனார்! 1992-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரில் புதிய ஆலை தொடங்கி, அதே வெள்ளை பீரைக் காய்ச்சினார்.

இப்போது எது அசல்? ஹூகார்டன் ஊரில் பெரிய கம்பெனி காய்ச்சியதா? டெக்சாஸில் செலிஸ் தம் கையால் காய்ச்சியதா? ஊரை வைத்துப் பார்த்தால் முன்னது. கைப்பக்குவத்தை வைத்துப் பார்த்தால் பின்னது. ஊர் ஒன்று, தொழில் வேறொன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புதிதாகக் கிடைப்பதே முதல் சிறப்பு

சுவை பார்ப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. பொன்னிற பீர் நாளாக ஆகக் கெடும். ஹாப்ஸ் மணம் மங்கும். வெளிச்சம் பட்டால் துர்நாற்றமே வந்துவிடும். பச்சைப் புட்டியும் வெள்ளைப் புட்டியும் வெளிச்சத்தைச் சரியாகத் தடுப்பதில்லை.

பில்சன் நகரத்தார் குடிப்பது புதிய பீர். அதே பீர் கப்பலேறி, கிடங்கில் கிடந்து, அமெரிக்கக் கடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்றால் என்ன ஆகும்? பெயர் அசலாக இருக்கும். சுவை வேறாக இருக்கும். பக்கத்துத் தெருவில் போன வாரம் அடைத்த அமெரிக்கப் பில்ஸ்னர், பில்சன்காரர் குடிக்கும் சுவைக்கு அதைவிட நெருக்கமாக இருக்கலாம்.

சுவை பார்க்கும் முறையும் இதையே சொல்கிறது. 1982-ல் தொடங்கி, இப்போது டென்வர் நகரில் நடந்துவரும் அமெரிக்கப் பெரும் பீர் விழாவில் போட்டி உண்டு. நடுவர்களுக்கு ஆலையின் பெயர் தெரியாது. கண்ணாடித் தம்ளரில் நிறம், நுரை, மணம், கசப்பு ஆகியவற்றைப் பார்த்து, அந்த வகைக்குப் பொருந்துகிறதா என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

பெயரில் நேர்மை வேண்டும்

முறையைக் கற்கலாம் என்றால் பெயரையும் எடுத்துக்கொள்ளலாமா? கூடாது.

கோல்ஷ் என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் பாதுகாப்பு அளித்தது. கொலோன் நகர வட்டாரத்து ஆலைகளே அங்கே அந்தப் பெயரை வைக்கலாம். அமெரிக்காவில் அந்தச் சட்டம் செல்லாது. ஆகவே அங்கே பலர் வெறுமனே "கோல்ஷ்" என்று அச்சடிக்கிறார்கள். "கோல்ஷ் முறையில் காய்ச்சியது" என்று போடுபவர்களும் இருக்கிறார்கள். பின்னவர்களே நேர்மையானவர்கள். ஒரு சொல் கூடுதலாக அச்சடிப்பதால் என்ன நஷ்டம்?

நல்ல உதாரணம் டெக்சாஸிலேயே இருக்கிறது. பெல்ஜியத்தில் காற்றிலுள்ள ஈஸ்ட்டைக் கொண்டே புளிக்கவைக்கும் "லாம்பிக்" பீர் உண்டு. பழையதையும் புதியதையும் கலந்தால் அது "கூஸ்". அந்த முறையில் காய்ச்சிய "ஜெஸ்டர் கிங்" ஆலை 2016-ல் கூஸ் என்ற சொல்லையும் பெயரில் சேர்த்தது. பெல்ஜியக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். இரு தரப்பும் பேசின. ஆலை அந்தச் சொல்லை விட்டு, பழைய மரபு முறை என்று பொருள்படும் பெயருக்கு மாறியது. கோர்ட்டுக்குப் போகவில்லை!

இதற்கு நேர்மாறானது "பட்வைசர்" வழக்கு. 1876-ல் அமெரிக்கக் கம்பெனி வைத்த பெயர் அது. செக் நாட்டின் பட்வைஸ் நகரத்தைக் குறிக்கும் பெயர். அந்த நகரத்து ஆலைக்கும் அமெரிக்கக் கம்பெனிக்கும் நூறு ஆண்டுக்கு மேலாகப் பல நாடுகளில் வழக்கு நடந்தது. செக் ஆலை தன் ஊர்ப் பெயரை அமெரிக்காவில் போட முடியாமல், "செக்வர்" என்ற வேறு பெயரில் விற்க நேர்ந்தது. சொந்த ஊரின் பெயரைச் சொந்த ஊர்க்காரர் சொல்ல முடியவில்லை! பெயரைக் கடன் வாங்குவதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

மாற்றினால் மாற்றினோம் என்று சொல்லட்டும்

அமெரிக்கர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. எதையும் மிகையாகச் செய்யும் ஆசை! மென்மையாக இருக்க வேண்டிய வகையில் ஹாப்ஸை அள்ளிப் போடுவார்கள். ஜெர்மனியின் "கோசே" உப்பும் கொத்தமல்லியும் சேர்ந்த லேசான புளிப்பு பீர். அதில் பழக்கூழைக் கொட்டி, அதே பெயரில் விற்பவர்களும் உண்டு.

மாற்றுவது தவறு அல்ல. மறைப்பதுதான் தவறு. 1980 முதல் கலிபோர்னியாவில் "சியரா நெவாடா" ஆலை இங்கிலாந்து முறை ஏலில் அமெரிக்க ஹாப்ஸைச் சேர்த்தது. பம்பளிமாஸ் பழம் போன்ற மணம் வந்தது. இன்று அந்த வகை அமெரிக்க ஏல் என்றே உலகெங்கும் பெயர் பெற்றிருக்கிறது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியது

எவ்வளவு கைப்பக்குவம் இருந்தாலும் பீர் மதுதான். ஆல்கஹாலில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. அது புற்றுநோய்க்கும் காரணம். அமெரிக்காவிலும் 21 வயதுக்குள் வாங்கக் கூடாது. போட்டி நடுவர்கள் சில வாய் மட்டுமே சுவைக்கிறார்கள். இந்தத் தொழிலின் கதையைப் படித்து ரசிக்கக் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தீர்ப்பு

2023-ல் அமெரிக்காவில் 9,000-க்கு மேற்பட்ட ஆலைகள் இருந்தன. ஆனால் போட்டி கடுமை. புகழ்பெற்ற ஆங்கர் ஆலையே அந்த ஆண்டில் மூடப்பட்டது. 2024-ல் திறந்த ஆலைகளைவிட மூடிய ஆலைகள் அதிகம்.

இந்த நிலையில் கவர்ச்சியான வெளியூர்ப் பெயரைப் பிடித்துக்கொள்ளும் ஆசை வளரும். சிறு ஆலைகள் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. எந்த ஊர் முறை, எந்த ஊரில் காய்ச்சியது, எந்தத் தேதியில் அடைத்தது: இந்த மூன்றையும் புட்டியின் மேல் தெளிவாக அச்சடிக்கட்டும். அப்படிச் செய்யும் ஆலையைப் போலி என்று சொல்ல ஐரோப்பாவுக்கும் உரிமை இல்லை.